கடைமடைத் தொட்டிக்கும் தண்ணீர்: வீட்டு அக்வாபோனிக்ஸில் வால்வு வாங்குவது எப்படி?

மலர்க் குழுவிலிருந்து ஃபோன் வந்தபோது, "ஊர்ல இப்ப என்னங்க பண்றீங்க? அதைப் பத்தியே எழுதிக் குடுங்களேன்" என்றார்கள். நான் இப்போது செய்வது கொல்லைப்புறத்தில் மீனும் கீரையும் வளர்ப்பது. அதிலும் பாதி நேரம் வால்வு திருகுவதிலேயே போகிறது. ஆகவே வால்வைப் பற்றியே எழுதிவிட்டேன்.

மஸ்கட்டில் இருபத்தொரு வருடம் கட்டடங்களுக்குக் குழாய் பதிக்கும் வேலையை மேற்பார்த்தவன் நான். சங்கத்து நண்பர்கள் வீட்டில் ஃபிளஷ் ஒழுகினால்கூட என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஊருக்குத் திரும்பி மீன் தொட்டி கட்டியபோது, 'வால்வு நமக்குத் தெரியாததா' என்ற திமிர் இருந்தது. ஒரே ராத்திரியில் நாற்பது மீனைப் பறிகொடுத்த பிறகுதான் அது இறங்கியது. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். நல்லேப்பிள்ளி, பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் இருக்கிறது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சந்தையில் இரண்டும். கேரளம் என்றாலே அடைமழை என்று நினைப்பவர்கள் எங்கள் பக்கம் வந்து பார்க்க வேண்டும். கணவாய்க் காற்று வீசும் கிழக்குப் பகுதி இது, மழை குறைவு. எங்களுக்கு வாய்க்கால் தண்ணீர் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்திலிருந்து வர வேண்டும். இரு மாநிலங்களும் 1970-ல் செய்த ஒப்பந்தப்படி, மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்குத் தரப்பட வேண்டும். அது மூலத்தரை ரெகுலேட்டர் வழியாகக் கால்வாய்களில் பிரியும். பக்கத்துப் பெருமாட்டிப் பஞ்சாயத்தில், பிளாச்சிமடையில் ஒரு குளிர்பானத் தொழிற்சாலை நிலத்தடி நீரால் எழுந்த போராட்டத்தில் 2004-ல் நின்றுபோனது உங்களுக்கு நினைவிருக்கும். தண்ணீரை அளந்து செலவழிக்கும் புத்தி எங்களுக்குத் தானாக வந்ததல்ல.

சின்ன வயதில் பெரியப்பாவோடு வயலுக்குத் தண்ணி கட்டப் போவேன். அவர் கையில் ஒரு மண்வெட்டி, அவ்வளவுதான். வரப்பில் ஒரு கொத்து கொத்தினால் மடை திறந்தது, ஒரு கட்டி மண்ணை அப்பினால் மடை அடைத்தது. மேல் வயல்காரன் மடையை அகலமாக வெட்டிவிட்டால் கடைமடை காயும். சண்டை வரும். "தண்ணிக்கு மேடு பள்ளந்தான் தெரியும், சொந்த பந்தம் தெரியாதுடா" என்பார். குழாயில் ஓடினாலும் தண்ணீருக்கு அதே குணம்தான். மூன்று செடித்தொட்டிக்குத் தண்ணீர் பிரிக்கிறவனும் அந்த மண்வெட்டி வேலையைத்தான் செய்கிறான்.

அக்வாபோனிக்ஸ் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. மீன் அம்மோனியாவை வெளியேற்றும். தண்ணீரில் அது சேர்ந்தால் மீனுக்கே விஷம். ஜல்லி நிரப்பிய செடித்தொட்டியில் அந்தத் தண்ணீரை ஓடவிட்டால், ஜல்லியில் குடியேறும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். நைட்ரேட் செடிக்கு உரம். தெளிந்த தண்ணீர் திரும்ப மீனுக்கு வரும். 1980-களிலிருந்து வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரக்கோசியும் அவர் குழுவினரும் இதைப் பெரிய அளவில் செய்து காட்டினார்கள். வீட்டளவில் செய்வோருக்கு ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் 2014-ல் ஒரு தடித்த கையேடே வெளியிட்டது. கேரளத்தில் 2020-ல், கொரோனாக் காலத்தில், சுபிக்ஷ கேரளம் திட்டத்தை ஒட்டி வீட்டுக்கு வீடு படுதாக்குளம் வந்தபோது எனக்கும் ஆசை பிடித்தது.

என் அமைப்பு இதுதான். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் டேங்கில் மீன். மூன்று செடித்தொட்டிகள். எல்லாவற்றுக்கும் கீழே மண்ணில் புதைத்த ஒரு பேரல், அதைச் சம்ப் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்ப்பில் ஒரு சிறு பம்ப். அது தண்ணீரை ஒரு தாய்க்குழாயில் ஏற்றும். அதிலிருந்து நாலு கிளை: மூன்று செடித்தொட்டிக்கு, ஒன்று மீன் தொட்டிக்கு. மீன் தொட்டியில் மிகுந்தது வடிகட்டி வழியாகவும், செடித்தொட்டியில் நிறைந்தது நேராகவும் தானே சம்ப்புக்கு இறங்கிவிடும். ஏற்றுவதற்குக் கரண்ட், இறக்குவதற்கு மேடு பள்ளம்.

இதில் நான் கற்ற முதல் பாடம்: ஏறுகிற பக்கத்தில் வால்வு வைக்கலாம், இறங்குகிற பக்கத்தில் வைக்கவே கூடாது. மீன் தொட்டியிலிருந்து வழியும் குழாயில் ஒரு வால்வு இருந்தால், அதை என்றைக்காவது யாராவது மூடுவார்கள். எங்கள் வீட்டில் பேரன் மூடினான். பம்ப் பாட்டுக்கு ஏற்றிக்கொண்டே இருந்தது. தொட்டி வழிந்து தரையெல்லாம் தண்ணீர், சம்ப் வறண்டு பம்ப் சூடாகிவிட்டது. அந்த வால்வை மறுநாளே வெட்டி எறிந்தேன். வழியும் குழாய் பெரிதாக, திறந்தபடி இருக்க வேண்டும். தண்ணீர் மட்டத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டுமானால், ஒட்டாமல் செருகிய ஒரு எல்போவும் அதில் ஒரு சாண் குழாயும் போதும். நேராக நிறுத்தினால் மட்டம் உயரும், பக்கவாட்டில் சாய்த்தால் இறங்கும். எல்போ விலைதான் செலவு. பெரியப்பாவின் மண் கட்டிக்கு இதைவிடக் கிட்டத்து உறவு வேறில்லை.

இனி ஏறுகிற பக்கம். கொழிஞ்சாம்பாறையில் ஹார்டுவேர் கடைக்காரத் தம்பி என்னைப் பார்த்ததும், "பாலுங்களா, கேட்டுங்களாண்ணா?" என்றார். கேள்வி சரியான கேள்வி.

பால் வால்வில் நடுவே துளையிட்ட ஒரு உருண்டை. கால் சுற்று திருப்பினால் திறப்பு, இன்னொரு கால் சுற்றில் மூடல். கைப்பிடி குழாயோடு ஒரே நேரில் நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. தூரத்தில் நின்றே தெரியும். கேட் வால்வில் ஒரு தகடு மெல்ல மெல்ல இறங்கும், பல சுற்று சுற்ற வேண்டும். நிதானமாக அளவு வைக்க அது நல்லது என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தகடு இறங்கும் பள்ளத்தில் மீன் கழிவு படிந்து கெட்டியாகும், பிறகு முழுதாக மூடவே மூடாது. தவிர, கடையில் கிடைக்கும் கேட் வால்வு பெரும்பாலும் பித்தளை. பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும். இரண்டுமே மிகக் குறைந்த அளவில்கூட மீனுக்கு ஆகாதவை. அக்வாபோனிக்ஸில் நுண்ணுயிர்களின் வேலையால் தண்ணீர் நாளாக ஆகப் புளிப்புப் பக்கம் நகரும். புளிப்புத் தண்ணீர் உலோகத்தை அரிக்கும். பித்தளைச் சொம்பில் மோர் வைக்கக் கூடாது என்று அம்மா சொன்னதும் இதே ரசாயனம்தான். ஜி.ஐ. குழாயும் துத்தநாகப் பூச்சு உள்ளது என்பதால் தள்ளுபடி.

ஆகவே பிளாஸ்டிக் பால் வால்வு. அதிலும் இரண்டு வகை. சாதா வால்வு ஒரு துண்டு, இரு பக்கமும் குழாயை ஒட்டிவிட வேண்டும். அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் அளவில் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். யூனியன் வால்வு இரு பக்கமும் மரை வைத்தது, கழற்றிக் கழுவி மாட்டலாம். விலை பல மடங்கு. நண்பர்கள் சிலர் எல்லா இடத்துக்கும் யூனியன் வாங்கிக் காசைக் கரைத்தார்கள். தேவை இல்லீங்க. பம்ப்பை ஒட்டி ஒன்று, கசடு சேரும் வடிகட்டியை ஒட்டி ஒன்று, ஆக இரண்டே போதும். மற்ற இடங்களில் சாதா வால்வை வையுங்கள். ஆனால் வால்வுக்கும் டீக்கும் நடுவே ஒரு விரல் நீளமாவது வெறும் குழாய் விட்டு ஒட்டுங்கள். வால்வு கெட்டால் அங்கே அறுத்து, கப்ளிங் போட்டுப் புது வால்வு வைக்கலாம். நெருக்கி ஒட்டினால் டீயையும் சேர்த்துத்தான் வீச வேண்டும். மஸ்கட்டில் என் ஆட்களுக்கு இதைத்தான் தினமும் கத்திக் கத்திச் சொல்வேன். என் வீட்டில் முதல் தடவை நானே நெருக்கித்தான் ஒட்டினேன்.

வாங்கும்போது வால்வைத் திறந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உருண்டையின் துளை குழாயின் உள்வாய் அளவே இருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா என்று தெரியும். விலை மலிந்தவற்றில் துளை சிறுத்திருக்கும். கிளைக்கு அது பரவாயில்லை, எப்படியும் பாதி மூடித்தான் வைக்கப்போகிறோம். தாய்க்குழாயில் மட்டும் முழுத்துளை வேண்டும். ஒட்டும்போது பசையைக் குழாயின் முனையில் மட்டும் மெல்லப் பூசுங்கள். வால்வின் உள்ளே அப்பினால் பிதுங்கி உருண்டையில் ஒட்டி, வால்வு ஜென்மத்துக்கும் திரும்பாது. வால்வைத் திறந்த நிலையில் வைத்தே ஒட்ட வேண்டும். குழாயில் ஐ.எஸ். 4985 முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதும் நல்லது. பழைய பி.வி.சி. குழாய்களில் ஈயம் கலந்த சேர்மானம் பரவலாக இருந்தது. அதைக் கட்டுப்படுத்த 2021-ல்தான் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. தோட்டத்தில் கிடக்கும் பழைய குழாயை எடுத்து மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

பால் வால்வின் குறையையும் சொல்ல வேண்டும். கைப்பிடியைப் பாதி திருப்பினால் பாதித் தண்ணீர் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதலில் சொட்டும், கொஞ்சம் தாண்டினால் சட்டென்று பாயும். மிகக் குறைவாகத் திறந்து வைத்தால் அந்த இடுக்கில் பாசியும் கழிவும் மாட்டி, இரண்டே நாளில் தண்ணீர் நின்றுபோகும். பெரிய வால்வை இறுக்கி வைப்பதைவிடச் சிறிய வால்வைத் தாராளமாகத் திறந்து வைப்பது மேல். தாய்க்குழாய் ஒரு இஞ்ச், கிளைகள் அரை இஞ்ச் என்று நான் வைத்திருப்பதற்கு இதுவே காரணம். தாய்க்குழாய் பெரிதாக இருந்தால் அதில் உரசல் இழப்பு குறைவு. முதல் கிளைக்கும் கடைசிக் கிளைக்கும் அழுத்தம் ஏறக்குறைய சமம். தாயும் அரை இஞ்ச், கிளையும் அரை இஞ்ச் என்று போட்டிருந்தபோது முதல் தொட்டியில் வெண்டை செழித்தது, மூன்றாவது தொட்டியில் கீரை வெளுத்தது. அப்பட்டமான கடைமடைப் பிரச்சினை. வால்வைத் திருகித் திருகிப் பார்த்துத் தோற்று, கடைசியில் தாய்க்குழாயை மாற்றிய பிறகு சரியானது.

அளப்பதற்கு மீட்டர் வேண்டாம். பத்து லிட்டர் பக்கெட்டும் கைக்கடிகாரமும் போதும். என் பம்ப்பின் பெட்டியில் போட்டிருந்த அளவு வேறு, மேலே ஏற்றிய பிறகு வந்த அளவு வேறு. உயரம் கூடக் கூடப் பம்ப் தள்ளும் தண்ணீர் குறையும். தாய்க்குழாயில் பத்து லிட்டர் நிறைய 20 வினாடி ஆயிற்று, அதாவது மணிக்கு 1,800 லிட்டர். மீன் தொட்டித் தண்ணீர் மணிக்கு ஒரு முறையாவது மாற வேண்டும் என்பது பொதுவான கணக்கு. எனவே பாதியை, 900 லிட்டரை, மீனுக்கு விட்டேன். மிச்சத்தை மூன்றாகப் பிரித்தால் தொட்டிக்கு 300, அதாவது பக்கெட் நிறைய இரண்டு நிமிடம். ஒரு வால்வைத் திருகினால் மற்ற மூன்றும் மாறும். சுற்றிச் சுற்றி வந்து மூன்று நாலு தடவை அளந்தால்தான் நிலைப்படும். பிறகு கைப்பிடிகளைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன், பேரனுக்கு எட்டாத உயரத்தில்.

செடித்தொட்டிக்குப் போகும் அளவில் ஏன் இத்தனை கறார் என்று கேட்பீர்கள். அங்கே இருப்பது மணி சைபன். தண்ணீர் ஒரு மட்டம் ஏறியதும் மொத்தமும் கடகடவென்று இறங்கும், பிறகு மீண்டும் நிறையும். கண்ணன் கால் நனைந்ததும் தண்ணீர் முழுதும் வடிந்துவிடுமே, அந்த வாசுதேவர் கிண்ணத்தின் தத்துவம்தான். வேருக்குத் தண்ணீரும் காற்றும் மாறி மாறிக் கிடைக்கும். உள்ளே வரும் தண்ணீர் குறைந்தால் சைபன் பிடிக்காது, ஓரமாக ஒழுகிக்கொண்டே இருக்கும். அதிகமானால் பிடித்த சைபன் விடாது. இரண்டுக்கும் இடையில் நிறுத்துவதுதான் அந்த நூறு ரூபாய் வால்வின் வேலை.

சொட்டுநீர்க் கடைகளில் கிடைக்கும் 16 மி.மீ. குழாய்க்கான சின்னத் திருகு வால்வுகளையும் பயன்படுத்திப் பார்த்தேன். சித்தூர், பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளுக்காக அவை எங்கும் கிடைக்கின்றன, விலையும் மிகக் குறைவு. புதினா வைத்த படுக்கைக் குழாய்களுக்கு நன்றாகவே வேலை செய்கின்றன. வடிகட்டிய தண்ணீருக்கு மட்டும் என்பது நிபந்தனை. வாரத்துக்கு ஒரு நாள் கழற்றி ஊத வேண்டும். பால்கனியில் இரண்டே தொட்டி வைத்திருக்கும் சங்கத்து நண்பர்களுக்கு இதுவே போதும்.

வாஷிங் மெஷின் சொலினாய்டு வால்வை வைத்து டைமரில் ஓட்டலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்த வகை வால்வு திறக்கவே பின்னால் நல்ல அழுத்தம் வேண்டும். நாலடி உயரத் தொட்டியின் அழுத்தத்தில் அது வாயே திறக்காது.

மிதவை வால்வு, அதாவது ஓவர்ஹெட் டேங்கில் பந்து மிதக்குமே அது, சம்ப்பில் குறைந்த தண்ணீரைத் தானே நிரப்பும். வசதிதான். ஆனால் எங்கேயாவது ஓட்டை விழுந்தால் அதையும் நிரப்பிக்கொண்டே இருக்கும், நமக்குத் தெரியாது. கிணறு காலியான பிறகுதான் தெரியும். நான் இரண்டு நாளுக்கு ஒரு தடவை பக்கெட்டில்தான் ஊற்றுகிறேன். வழக்கமாக நாலு பக்கெட் பிடிக்கும் இடத்தில் ஏழு பிடித்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள்.

பெரிய வாய் வால்வு வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: வடிகட்டியின் அடியில் கசடு திறந்துவிடும் இடம். இது சுற்றில் சேராத, வாழைக்குப் போகும் வழி. நம் பழைய ஏரிகளின் குமிழித் தூம்பில் நீரோடித் துளை மேலேயும் சேறோடித் துளை கீழேயும் வைத்தார்கள். அதே ஏற்பாடு. இங்கே சுருங்கிய துளை உதவாது. ஒன்றரை இஞ்ச் முழுத்துளை வால்வு வைத்து, ஒரே மூச்சில் திறந்து மூட வேண்டும். மெல்லத் திறந்தால் தண்ணீர் மட்டும் வரும், சேறு நிற்கும்.

இப்போது அந்த ராத்திரிக் கதை. மீன் தொட்டிக்குள் விழும் தண்ணீர் சலசலவென்று சத்தம் போட்டது. வீட்டில், "தூங்க முடியலீங்க, அதைக் கொஞ்சம் பாருங்க" என்றாள். குழாயின் முனையை நீட்டித் தொட்டியின் அடிவரை இறக்கிவிட்டேன். சத்தம் நின்றது. கரண்ட் போனால் தண்ணீர் அதே வழியில் திரும்பி சம்ப்புக்கு வரும் என்று தெரியாதவன் அல்ல நான். அதற்காகத்தான் பம்ப்புக்கு மேலே ஒரு நான்–ரிட்டன் வால்வு வைத்தேன். நல்ல விலை கொடுத்து வாங்கியது.

மே மாதம் கோடை இடி மழையில் ராத்திரி பத்து மணிக்குக் கரண்ட் போனது, விடியக்காலைதான் வந்தது. நான்–ரிட்டன் வால்வின் நாக்கில் ஒரு இழை வேர் மாட்டியிருந்தது. புதினா வேர், தலைமுடி அளவுதான். நாக்கு முழுதாக மூடவில்லை. இரவெல்லாம் தண்ணீர் குழாய் வழியே இறங்கி, சம்ப் நிறைந்து, வழிந்து, மண்ணில் போனது. காலையில் தொட்டியில் நாலு விரற்கடைத் தண்ணீர், அதில் திலாப்பியாக்கள் பக்கவாட்டில் கிடந்தன. அறுபதில் இருபது பிழைத்தது. இன்னும் ஒரு மாதத்தில் பிடித்திருப்போம். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. கூடத்து ஓரத்து பேரலில் விளையாட்டாக விட்டிருந்த அனபஸ்கள் மட்டும் காற்றில்லாத தண்ணீரில் ஒன்றும் நடக்காததுபோல் நீந்தின. அவை மேலே வந்து காற்றைக் குடிக்கும் சாதி.

வேண்டியது வால்வே அல்ல. தொட்டிக்குள் இறங்கும் குழாயில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, 4 மி.மீ. டிரில்லால் ஒரு துளை. பம்ப் ஓடும்போது அதிலிருந்து ஒரு சிறு பீச்சு தொட்டிக்குள்ளேயே விழும், காற்றும் கலக்கும். கரண்ட் போனால் அந்தத் துளை வழியே காற்று நுழைந்து சைபனை உடைத்துவிடும். நாக்கு இல்லை, ஸ்பிரிங் இல்லை, மாட்டிக்கொள்ள எதுவும் இல்லை. வாரம் ஒரு தடவை ஈர்க்குச்சி விட்டுப் பார்த்தால் போதும். காசு செலவும் இல்லை. கட்டட வேலையில் இதைப் பத்துத் தடவையாவது செய்திருப்பேன். மீன் தொட்டியில் செய்யத் தோன்றவில்லை.

நான்–ரிட்டன் வால்வைக் கழற்றிவிட்டேன். வழியில் அது இருப்பதால் பம்ப்பின் தண்ணீரும் கொஞ்சம் குறைந்துகொண்டுதான் இருந்தது. இப்போது தாய்க்குழாயில் பத்து லிட்டர் 18 வினாடியில் நிறைகிறது.

தொடங்க நினைப்பவர்களுக்கு என் கணக்கு: அரை இஞ்ச் சாதா பால் வால்வு ஐந்து, அதில் ஒன்று கையிருப்பு. ஒரு இஞ்ச் யூனியன் இரண்டு, கசடுக்கு ஒன்றரை இஞ்ச் ஒன்று, எல்போ நாலைந்து. மாதம் ஒரு தடவை எல்லா வால்வையும் ஒரு முறை மூடித் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் உப்புப் படிந்து இறுகும். திருகும் முன் கைப்பிடி நின்ற இடத்தை மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கிஃப்ட் திலாப்பியா விடுவதானால் மீன்வளத் துறையின் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவைக்கு அனபஸ் போதும். அடுத்த லீவில் நல்லேப்பிள்ளிப் பக்கம் வருபவர்கள் வீட்டுக்கு வாருங்கள், ஆணியில் மாட்டியிருக்கும் கைப்பிடிகளை எடுத்துத் தருகிறேன், நீங்களே திருகிப் பார்க்கலாம்.